வந்தவர்க்கும் வராதவர்க்கும்

ரொறன்ரோ
12.02.2006

அன்புள்ள மச்சாள்,

போன கிழமை தொலைபேசியில் உங்களிடம் ஒன்று கேட்க வாயெடுத்தேன். நீங்கள் மழை என்று பேச்சை மாற்றியதும் பயந்துபோய் வைத்துவிட்டேன். கடிதத்தில் என்றால் தைரியம் வரும் என்று எழுதுகிறேன்.

இங்கே நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். பழைய கல்வெட்டுகளின் படங்களையும் மைப்படிகளையும் ஒன்றுசேர்த்து இணையத்தில் போடுகிறோம். யாரும் எங்கிருந்தும் பார்க்கலாம். காசு கட்டவோ அனுமதி கேட்கவோ தேவையில்லை. இத்தனை வருடம் நூலகத்தில் மற்றவர்களின் புத்தகத்தை அடுக்கியவளுக்கு இதைவிட ஆசையான வேலை வேறில்லை.

அண்ணாவின் மைப்படிகள் உங்களிடம் அல்லவா இருக்கின்றன? நீர்ப்பாசனக் கந்தோரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, குளம் பார்க்கப் போகிற சாக்கில் மாத்தளைக் காட்டுப் பாறைகளில் உள்ள எழுத்தையெல்லாம் காகிதத்தில் ஒற்றிக்கொண்டு வந்தவர். அவற்றில் சில கற்கள் இன்று இல்லை. புதையல் தேடுகிறவர்கள் வெடி வைத்துப் பிளந்துவிட்டார்கள். அவற்றுக்கு மிச்சம் அண்ணாவின் காகிதம் மட்டும்தான்.

1989இல் அண்ணா காணாமல் போன பிறகு அந்த றங்குப் பெட்டியை நீங்கள் திறக்கவே இல்லை என்று அம்மா சொல்லுவார். திறப்பீர்களா, மச்சாள்? ராஜசிங்கம் என்று அண்ணாவின் பெயரைப் போட்டே வெளியிடுவேன்.

அன்புடன்,
தேவி

—

மாத்தளை
05.03.2006

அன்புள்ள தேவி,

நான் பேச்சை மாற்றவில்லை. உண்மையிலேயே மழை. குசினிக் கூரை ஒழுகியது. தூரத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றுக்கும் உள்ளர்த்தம் தேடாதே.

பெட்டியைத் திறந்தேன். மை மணம் அப்படியே எழும்பி முகத்தில் அடித்தது. மூடிவிட்டுப் போய் மீன் கழுவினேன். பிறகு வந்து மறுபடி திறந்தேன். ஒன்றும் அரிக்கப்படவில்லை.

இவருடைய வேலை முறை உனக்குத் தெரியாது. நீ கனடா போன பிறகுதான் இந்தப் பைத்தியம் முற்றியது. காகிதத்தை நனைத்துக் கல்லில் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கும்வரை தூரிகையால் அடிப்பார். பிறகு துணிப் பொதியால் மை ஒற்றுவார். கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். அது காயும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டார். அளவுகோலை வீட்டில் மறந்துவிட்டுப் போகிற மனிதர் என்பதால், வேலை முடிந்ததும் மை பூசிய இடது கையைக் காகிதத்தின் மூலையில் ஒற்றுவார். பார்க்கிறவனுக்கு எழுத்தின் பருமன் விளங்க வேண்டுமாம். மோதிர விரலின் நுனி இல்லாத கை. சின்ன வயதில் உங்கள் வீட்டுக் கிணற்றுக் கப்பியில் போன நுனி.

அந்தக் கையோடு வீட்டுக்குள் வந்தால் சுவரெல்லாம் கரி. பின்வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் வைத்திருப்பேன். கழுவாமல் உள்ளே கால் வைக்க விடமாட்டேன். வாய் ஓயாமல் ஏசுவேன். இவர் சிரிப்பார். அந்த வாளியை இன்றைக்கும் மாலையில் நிரப்பித்தான் வைக்கிறேன். காலையில் வாழைக்கு ஊற்றிவிடுவேன். இது உனக்கு மட்டும், உன் கூட்டத்துக்கு இல்லை.

நம்பிக்கையான ஒருவரிடம் பாதியைக் கொடுத்து அனுப்புகிறேன். வேலை முடிந்ததும் திரும்பி வர வேண்டும். தொலைபேசியில் இடங்களின் பெயரைச் சொல்லாதே. இங்கே மறுபடி காலம் பிசகுகிறது. நான் வேலை செய்கிற அரசாங்கக் கச்சேரியில்கூட என் முழுத் தமிழ்ப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடவே யோசிக்கிறார்கள்.

மங்கையற்கரசி

—

மாத்தளை
18.09.2006

சுசீலாதேவிக்கு,

படிகளை இணையத்தில் போட்டுவிட்டதாக நீ எழுதியதும் சேலை மாற்றிக்கொண்டு ஜுனைதீனின் இன்டர்நெட் கடைக்குப் போனேன். கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரிப் போனேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜுனைதீன் நாற்காலி போட்டுத் திறந்து காட்டினான். "எழுத்தெல்லாம் பளிச்சுன்னு வந்திருக்கு மிஸ். யார் எடுத்தாங்க?" என்றான். என் வீட்டுக்காரர் என்றேன். அடுத்ததைத் திற என்றேன். அதற்கடுத்ததையும் திறக்கச் சொன்னேன். எல்லாவற்றிலும் எழுத்து இருந்தது. ஒன்றிலும் கை இல்லை.

வெட்டிவிட்டாய். நகம் வெட்டுகிற மாதிரி ஓரத்தோடு வெட்டி எறிந்துவிட்டாய். நான் அனுப்பியது உன் கல்வெட்டை இல்லை, தேவி. அந்தக் கல் யார் வெட்டியதோ, எந்த ராசா காலமோ, எனக்கு அதைப் பற்றி என்ன கவலை? இவரில் மிஞ்சியது அந்தக் கை ஒன்றுதான். உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. கை மட்டும் பெட்டிக்குள் இருந்தது.

மீதிப் படிகள் வராது. அனுப்பியவற்றைத் திருப்பி அனுப்பு.

—

ரொறன்ரோ
09.10.2006

அன்புள்ள மச்சாள்,

ஓரங்களை வெட்டுவது எங்கள் குழுவின் வழக்கம். எல்லாப் படங்களும் ஒரே அளவில் நிற்கட்டும் என்று செய்தது. உங்கள் கடிதத்தை வாசித்த அன்றே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றினேன். இப்போது எல்லாக் கைகளும் இருக்கின்றன. ஜுனைதீனிடம் போய்ப் பாருங்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் உங்களுக்கு மட்டும் போனவர் இல்லை. எனக்கு அண்ணா. அம்மாவுக்கு ஒரே மகன். ஒரு திவசமாவது செய் என்று அம்மா உங்களிடம் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தார். நீங்கள் செய்யவில்லை. செய்ய விடவுமில்லை. உங்கள் பொட்டையும் தாலியையும் பார்த்து ஊர் என்ன பேசியது என்று எனக்கு இங்கேவரை வந்தது. அப்போது நான் உங்கள் பக்கம்தான் நின்றேன். ஓரம் வெட்டியதற்காக என்னை அந்நியப் பெண்போல முழுப்பெயர் சொல்லி எழுதுவீர்களா?

தேவி

—

மாத்தளை
02.11.2006

தேவி,

போய்ப் பார்த்தேன். கைகள் இருக்கின்றன.

திவசம் எந்த நாளில் செய்வது? வீட்டை விட்டுப் போன நாளிலா? போன நாள் இறந்த நாளா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. ஐயர் ஏகாதசியில் செய்யலாம் என்றார். உயிரோடு இருக்கிற மனிதருக்குப் பிண்டம் வைத்த பாவம் ஐயருக்கா வரும்?

மீதிப் படிகளையும் அனுப்புகிறேன். கவனமாக வைத்திரு.

மங்கை

—

ரொறன்ரோ
02.06.2007

அன்புள்ள மச்சாள்,

இருந்துகொண்டு வாசியுங்கள்.

எங்கள் தொகுப்பு எல்லோருக்கும் திறந்தது என்பதால் தெரியாதவர்களும் படங்கள் அனுப்புவார்கள். போன மாதம் ஒரு சிங்களப் பெண், பல்கலைக்கழக மாணவி, ஒரு படம் அனுப்பினாள். பள்ளேகமப் பக்கத்தில் அவளுடைய வீட்டில் நெடுங்காலமாக இருக்கும் காகிதமாம். கைபேசியில் எடுத்திருக்கிறாள். மை சிந்தி அழுக்காக இருந்தது. கணினியில் துடைத்துத் துப்புரவாக்கினேன். அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

மூலையைப் பாருங்கள். மோதிர விரலைப் பாருங்கள்.

இதே கல்லின் படி உங்கள் பெட்டியிலும் இருந்தது. 1987 என்று அண்ணா எழுதியிருக்கிறார். ஒரு குடும்பத் தலைவனும் மனைவியும் சேர்ந்து பிக்குகளுக்குக் கொடுத்த குகை. 'நான்கு திசையிலிருந்தும் வந்தவர்க்கும் வராதவர்க்கும்' என்று முடிகிறது. இப்போது இருப்பவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் என்று கருத்து. 1987இல் கல் முழுதாக இருக்கிறது. இந்தப் புதிய படியில் நடுவே பிளவு. இரண்டு துண்டையும் அப்படியே வைத்து ஒற்றியிருக்கிறார்.

ஒரு பேராசிரியரின் கட்டுரையைத் தேடிப் பிடித்தேன். அந்தக் கல்லைப் புதையல்காரர்கள் உடைத்தது 1993இல் என்று எழுதியிருக்கிறார்.

1993, மச்சாள். அண்ணா போனது 1989. அப்படியென்றால் அதற்குப் பிறகும் அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

தேவி

—

மாத்தளை
30.06.2007

தேவி,

முதலில் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்கமாட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பால் கரிந்து மணத்தபோதுதான் புத்தி வந்தது. 1993இல் உயிரோடு இருந்தவர் 1993இல் வீட்டுக்கு வரவில்லை. பள்ளேகம என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஓடுகிறது. மனிதர் அங்கே இருந்திருக்கிறார், கல்லைத் தேடிப் போயிருக்கிறார், ஆறுதலாக, அவசரமில்லாமல் மை ஒற்றியிருக்கிறார், மூலையில் கையும் வைத்திருக்கிறார். மாத்தளைக்கு மட்டும் வழி தெரியவில்லை.

உனக்கு இதுவரை சொல்லாதது ஒன்று. இவர் போய் ஓரிரண்டு வருடம் கழிந்து, இவருடைய கந்தோரில் இருந்த ஞானசுந்தரம் வந்தார். யட்டவத்தைச் சந்தையில் இவரைப் போல ஒருவரைக் கண்டதாகச் சொன்னார். வெற்றிலை பேரம் பேசிக்கொண்டு நின்றாராம். அதற்குப் பிறகு எத்தனையோ சந்தை நாள் நான் அங்கே போய் நின்றேன். ஒவ்வொரு ஆணின் இடது கையையும் பார்த்தேன். வெற்றிலைக்காரி என்னைப் பைத்தியம் என்று நினைத்துச் சும்மா வெற்றிலை தந்து அனுப்பினாள். அன்றைக்கு ஞானசுந்தரத்தை மனதுக்குள் திட்டினேன். இப்போது அவர் சொன்னது சரி போலிருக்கிறது.

செத்துப் போயிருப்பார் என்ற நினைப்போடு இத்தனை காலம் இருந்துவிட்டேன். அது பழகிவிட்டது. என்னை வேண்டாம் என்று போயிருப்பார் என்ற நினைப்போடு எப்படி இருப்பது?

இன்று வாளியை நிரப்பவில்லை. எனக்கு எழுதாதே.

—

ரொறன்ரோ
20.11.2007

அன்புள்ள மச்சாள்,

எழுதாதே என்றீர்கள். ஐந்து மாதம் பொறுத்தேன்.

அந்த மாணவியின் தாயார் பெயர் பொடிமெனிக்கே. பாறைக்குக் கீழே அவர்கள் வீடு. விலாசத்தைத் தனியாகச் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறேன். காகிதம் எப்படி வந்தது என்று மகளிடம் கேட்டேன். "அம்மா அதைப் பற்றிப் பேசமாட்டார், நேரில் வந்தால் சொல்லலாம்" என்று எழுதினாள்.

நீங்கள் போகாவிட்டால் நான் விமானம் ஏறி வருவேன். இந்த நிலைமையில் கனடாவிலிருந்து வருகிற தமிழச்சியைப் பள்ளேகம ரோட்டில் என்ன செய்வார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இது மிரட்டல்தான்.

தேவி

—

மாத்தளை
26.02.2008

அன்புள்ள தேவி,

போய் வந்தேன்.

உன் மிரட்டலுக்குப் பயந்து போகவில்லை. வாளியை நிரப்பாமல் விட்ட நாளிலிருந்து மாலையானால் பின்வாசலில் தண்ணீர்ச் சத்தம். யாரோ அவசரமில்லாமல் கை கழுவுகிற சத்தம். போய்ப் பார்த்தால் வாளி காய்ந்து கிடக்கும். பக்கத்து வீட்டு றஹீமாவிடம் சொன்னேன். "எனக்கும் கேக்குது அக்கா, நீங்கதான் குழாயத் தொறந்து விட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள். எனக்காகச் சொன்னாளோ உண்மையோ, தெரியாது. அதற்கு மேல் வீட்டில் இருக்க முடியவில்லை.

அம்மன் கோயில் தேர் முடிந்த மறுநாள் றஹீமாவின் புருஷன் ஸெய்னுலாப்தீன் மிளகு எடுக்கப் போகிற வான் வண்டியில் நாங்கள் மூவரும் போனோம். "தங்கச்சி, ஐடென்டிய கையிலயே வெச்சுக்கங்க. வழியில மறிப்பாங்க. நீங்க வாயத் தொறக்க வேணாம், சிங்களத்துல நான் பேசிக்கிறேன்" என்றார். கச்சேரியில் ஆயுள் முழுக்கச் சிங்களத்தில் கோப்பு எழுதிய என்னிடம். சரி நானா என்று தங்கச்சியாகவே தலையாட்டினேன். மலை ஏறும்போது மூடுபனி. முன்னால் போகிற வாகனம் தெரியவில்லை.

பொடிமெனிக்கே என் வயதுக்காரி. நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "ஏசுகிற மனைவி நீங்களா?" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே கூட்டிப் போய்த் தேநீர் தந்துவிட்டுத்தான் சொன்னாள். அவள் சிங்களத்தில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

கல் 1993இல் உடையவில்லை. 1989 கார்த்திகையில் உடைந்தது. கிளர்ச்சிக்காரருக்கும் பட்டாளத்துக்கும் நடுவில் ஊர் முழுக்கக் கதவடைத்து உள்ளே கிடந்த நாட்கள். அந்தத் தைரியத்தில் புதையல்காரர்கள் வந்து வெடி வைத்தார்கள். யார் போய் முறைப்பாடு கொடுப்பது? எல்லாம் அடங்கிய பிறகு பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்தார். அது 1993. தான் பார்த்த வருடத்தையே உடைந்த வருடமாக எழுதிவிட்டுப் போய்விட்டார்.

உடைந்த செய்தி எப்படியோ இவர் காதுக்கு வந்திருக்கிறது. அன்று காலை போக வேண்டாம் என்று நான் கத்தினேன். ஆற்றில் என்னென்ன மிதந்து வருகிறது என்று தெரிந்த நாட்கள். இவர் கேட்கவில்லை. மிச்சத்தையும் சிதறடிப்பதற்கு முன்னால் ஒற்றிவிட வேண்டும் என்று ஓடியிருக்கிறார். என்னிடம் காரணம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் கத்துவேன்.

பொடிமெனிக்கே இவரை முன்பே அறிவாள். 1987இல் வந்தபோது அவள் வீட்டில் தண்ணீர் குடித்தவர். கல் உடைந்த பிறகு வந்த அன்று வேலை முடித்து, மூலையில் கை வைத்து, காகிதம் காயட்டும் என்று பாறையிலேயே இருந்தார். ஒட்டிய காகிதம் காயாமல் உரிக்க முடியாதே. கொஞ்சம் முன்னே எழும்பியிருந்தால் என்று நான் நினைப்பதில் இனி என்ன பயன்?

ஒரு வான் வந்தது. நம்பர் இல்லை. இறங்கியவர்கள் எந்தப் பக்கத்தார் என்று அவளுக்குத் தெரியாது. இவர் பயப்படவில்லையாம். கந்தோர் அட்டையைக் காட்டினார். வா என்றார்கள். அப்போது இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "கையைக் கழுவிக்கொள்ளக் கொஞ்சம் தண்ணீர் தாருங்கள். இப்படியே வீட்டுக்குப் போனால் என் மனைவி ஏசுவாள்" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். பொடிமெனிக்கே சட்டியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு போனாள். அதற்குள் இழுத்துவிட்டார்கள். இவர் கல்லைப் பிடித்திருக்கிறார்.

காகிதத்தை அவள் பாய்ச் சுருளுக்குள் வைத்திருந்தாள். விரித்தாள். சிந்திய மை என்று நீ துடைத்தாயே, அது மை சிந்தியது இல்லை. மூலையில் ஒரு கை, வழக்கம்போல, ஒழுங்காக. எழுத்துகளின் மேலே இன்னொரு கை. விரல்கள் நீளநீளமாக இழுபட்டுக் காகிதத்தின் விளிம்புவரை போகிறது. மோதிர விரல் கோடு மட்டும் கட்டை.

நான் அழவில்லை. றஹீமா அழுதாள். ஸெய்னுலாப்தீன் நானா வெளியே போய் நின்றார்.

காகிதத்தைப் பொடிமெனிக்கே எனக்கே தந்துவிட்டாள். திரும்பும்போது சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் சுருளைப் பிரித்தான். வரைபடமா என்று கேட்டான். நானா தன் ஐடென்டியைத் தேடத் தொடங்கினார். நான்தான் சிங்களத்தில் சொன்னேன்: "இது என் கணவரின் கை." அவன் மூலையில் இருந்த கையைப் பார்த்தான். பிறகு சுருட்டி, நூலையும் கட்டித் தந்தான்.

என்னை விட்டுப் போகவில்லை, தேவி. வீட்டுக்கு வரத்தான் தண்ணீர் கேட்டிருக்கிறார்.

மங்கை

—

ரொறன்ரோ
17.03.2008

அன்புள்ள மச்சாள்,

அந்த மாணவி அனுப்பிய முதல் படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அது கை என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவளுக்கே தெரியவில்லை. அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். கெட்டிக்காரத்தனமாகத் துடைத்தேன்.

ஒன்று கேட்க வேண்டும், கோபிக்காதீர்கள். அந்தப் படியைத் தொகுப்பில் எப்படிப் போடுவது? துடைத்ததைப் போட்டால் எழுத்து முழுவதும் வாசிக்கலாம். துடைக்காமல் போட்டால் கடைசிச் சொல் மறைந்துவிடுகிறது. கை விழுந்திருப்பது 'வராதவர்க்கும்' என்ற சொல்லின் மேல். எங்கள் குழுவில், வாசிக்க முடியாத படியைப் போட்டு என்ன பயன் என்று கேட்கிறார்கள். நீங்கள் வேண்டாம் என்றால் போடவே மாட்டேன். உங்கள் சொல்தான் முடிவு.

தேவி

—

மாத்தளை
10.04.2008

அன்புள்ள தேவி,

போடு. துடைக்காமல் போடு. பொடிமெனிக்கே தண்ணீர் கொண்டு வந்தும் கழுவ விடவில்லை அவர்கள். இப்போது நாங்களே கழுவிவிட்டால், இவர் அங்கே நின்றதற்கும் கல்லைப் பிடித்ததற்கும் என்ன சாட்சி?

உன் குழுவுக்குச் சொல். 1987இன் படியும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். எழுத்து வேண்டியவர்கள் முதலாவதைப் பார்க்கட்டும், அதில் எல்லாச் சொல்லும் தெளிவாக இருக்கிறது. மற்றது என்னைப் போன்றவர்களுக்கு. இந்த ஜில்லாவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. சிங்களச் சனம்தான் அதிகம். காசில்லாமல் யாரும் பார்க்கலாம் என்கிறாயே, அவர்களும் பார்க்கட்டும்.

எடுத்தவர் பெயர் போடு. தேதியும் போடு. இடத்தை மட்டும் போடாதே. பொடிமெனிக்கே வீட்டுக்கு மறுபடி யாரும் வான் கொண்டு போகக் கூடாது.

வருகிற கார்த்திகையில் திவசம் செய்கிறேன். இப்போது நாள் தெரியும், ஐயருக்கு என்னிடம் வேலையில்லாமல் போகாது. வழி திறந்தால் நீ வா. அம்மாவுக்கும் சேர்த்து நீதான் நிற்க வேண்டும்.

வாளியை மறுபடி நிரப்பத் தொடங்கிவிட்டேன். வருவார் என்று இல்லை. தண்ணீர் கேட்டாரே, அதற்குத்தான். பின்வாசலில் சத்தம் நின்றுவிட்டது. காலையில் பார்த்தால் தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது.

மங்கை